பாடசாலை வாசலில் கடவை வேண்டுமா? கிளிநொச்சிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி நகரைச் சுற்றிக் குடியிருப்புகள் நெருங்கிவிட்டன. பரந்தன், கரடிப்போக்கு, டிப்போச் சந்தி, 155ஆம் கட்டை, அறிவியல் நகர் என்று ஏ9 வீதி நெடுகிலும் வீடு ஒரு பக்கம், பாடசாலை மறுபக்கம். காப்பெட் போட்ட வீதியில் கொழும்பு பஸ்சும் மணல் டிப்பரும் பறக்கிற நேரத்தில்தான் ஏழு வயதுப் பிள்ளை புத்தகப் பையோடு குறுக்கே ஓடுகிறது. பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியிலும் இதே நிலைதான்.

எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒரு பாதசாரிக் கடவைக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியது. எந்தக் கடிதம் யாருக்குப் போகவேண்டும், எந்த மாதத்தில் போகவேண்டும் என்று முதலிலேயே ஒருவர் சொல்லித் தந்திருந்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி இல்லாமல் போயிருக்கும். பிள்ளைகளும் அவ்வளவு காலம் உயிரைப் பணயம் வைத்துக் கடந்திருக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடவையை வைத்துச் சொல்கிறேன். வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, வீதி விளக்கு கேட்பதற்கும் வழி இதுதான். வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் இருப்பவர்கள் சபையின் பெயரையும் வீதியின் பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. வீதி யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. வீதி என்றால் பிரதேச சபை என்று நினைத்துத் தவிசாளரிடம் ஓடுவதுதான் நம் வழக்கம். ஏ9 வீதியில் ஒரு கோடு கீறக்கூடப் பிரதேச சபைக்கு அதிகாரம் இல்லை. அவர்கள் கடிதத்தை வாங்கி வைப்பார்கள், சிலவேளை உரிய இடத்துக்கு அனுப்பியும் வைப்பார்கள். அது போய்ச் சேர்ந்ததா என்று உங்களுக்குத் தெரியவராது.

ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. ஆர்.டி.ஏ. என்றால் எல்லாருக்கும் தெரியும். ஏ9, பரந்தன் – முல்லைத்தீவு ஏ35, மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34, மன்னாரிலிருந்து பூநகரி வழியாக நாவற்குழிக்குப் போகும் ஏ32 எல்லாம் இதற்குள் வரும். உங்கள் கடிதம் போகவேண்டியவர் அந்தப் பகுதிக்குரிய நிறைவேற்றுப் பொறியியலாளர்.

சி, டி வகை வீதிகள் வடக்கு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை (ஆர்.டி.டி.). பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆர்.டி.ஏ. மத்திய அரசின் கீழ் வருவது, ஆர்.டி.டி. மாகாணத்தின் கீழ் வருவது. இரண்டும் வேறு வேறு கந்தோர்கள், வேறு வேறு பணம்.

மற்ற உள் வீதிகள் உள்ளூராட்சி சபையுடையவை. கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது. பிரதேச செயலர் பிரிவின் எல்லையும் பிரதேச சபையின் எல்லையும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் நான்கு பிரதேச செயலர் பிரிவுகள், மூன்று பிரதேச சபைகள். கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவில் இருக்கிறவர்களுக்கும் சபை கரைச்சிதான்.

வன்னியில் இன்னொரு வகை உண்டு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இரணைமடுவின் வாய்க்கால் ஓரமாகப் போகும் வீதிகளில் பல நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பராமரிப்புப் பாதைகள். வயலுக்குள் இறங்கும் பாதைகள் சில கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில் இருக்கும். உருத்திரபுரம், கனகபுரம் பக்கங்களில் பிள்ளைகள் வாய்க்கால் கரையால்தான் சைக்கிளில் போகிறார்கள். அங்கே விளக்கோ தடுப்போ கேட்பதென்றால் சபைக்கு எழுதுமுன் நீர்ப்பாசனப் பொறியியலாளரைக் கேளுங்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு உருவான கிறவல் வீதிகளில் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவையும் உண்டு. சபையின் வீதிப் பதிவேட்டில் இல்லாத வீதிக்குச் சபை பணம் ஒதுக்காது. அப்படியென்றால் உங்கள் முதல் கோரிக்கை கடவையல்ல, “எங்கள் வீதியைப் பதிவேட்டில் சேர்த்துத் தாருங்கள்” என்பது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பிறகு பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போய், “இந்த வீதி உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா, என்ன இலக்கம்?” என்று கேளுங்கள். இருவர் சொல்வதும் ஒன்றாக இருந்தால் சரி. வேறுபட்டால் 7ஆம் படியில் சொல்லும் தகவல் விண்ணப்பத்தைப் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. இடத்தைக் கந்தோருக்குப் புரிகிற மாதிரிக் குறியுங்கள்

“பிள்ளையார் கோயிலடி வளைவு” என்றால் ஊருக்குத் தெரியும், பொறியியலாளருக்குத் தெரியாது. அவர்கள் இடத்தைத் தேடுவது கிலோமீற்றர்க் கணக்கில். பாடசாலைக்கு அருகில் இருக்கும் கிலோமீற்றர்க் கல்லைப் பாருங்கள். அதிலிருந்து வாசல் வரை எத்தனை மீற்றர் என்று அளந்து எழுதுங்கள். மதகுச் சுவரிலும் பெரும்பாலும் இலக்கம் எழுதியிருக்கும். 12/3 என்றிருந்தால் 12ஆம் கிலோமீற்றர்ப் பகுதியின் மூன்றாவது மதகு. “12/3 மதகிலிருந்து பரந்தன் பக்கமாக 40 மீற்றர்” என்று எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு யாரும் இடம் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. விளக்குக் கேட்பதென்றால் மின்கம்பத்தின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கைத்தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு நீளமான எண்கள் வரும். அதையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். செலவில்லை.

3. எண்ணுங்கள், நேரம் பாருங்கள்

“வாகனங்கள் மிக வேகமாகச் செல்கின்றன, உயிராபத்து உள்ளது” என்ற வரி ஒவ்வொரு மனுவிலும் இருக்கிறது. எல்லாரும் அதையே எழுதுவதால் எந்த மனு அவசரம் என்று கந்தோரில் இருப்பவருக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லை. எண்ணிக்கையோடு போகிற மனுவை அவர் எடுத்து மேலே வைக்கிறார். இதை நான் நேரில் கண்டேன்.

கடவை போடலாமா என்று பார்க்கும்போது இரண்டு எண்கள் தேவைப்படும். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை வாகனங்கள் போகின்றன. பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுவதால் காலை 6.45 முதல் 7.45 வரையும், பகல் 1.15 முதல் 2.15 வரையும் எண்ணுங்கள். பின்னேரத்தில் ரியூசன் நடக்கிற இடமென்றால் அந்த நேரத்தையும் சேருங்கள். செவ்வாய், புதன், வியாழன்களில் எண்ணுவது நல்லது. விடுமுறைக் காலத்திலும் பரீட்சைக் காலத்திலும் எண்ணாதீர்கள்.

இருவர் போதும். பயிற்சிக் கொப்பித் தாளில் கட்டம் போடுங்கள். மேலே பஸ், பாரவூர்தியும் டிப்பரும், கார் வான், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், சைக்கிள் என்று எழுதுங்கள். பக்கத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்குக் கோடு. மற்றவர் கடப்பவர்களை எண்ண வேண்டும்: மாணவர், முதியவர், பிள்ளையைத் தூக்கி வருபவர் என்று பிரித்து. தாளின் அடியில் திகதி, நேரம், காலநிலை, எண்ணியவரின் கையொப்பம். அந்தத் தாளையே இணைக்கலாம். அழகாகத் தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை.

வேகத்தையும் நீங்களே பார்க்கலாம். அளவு நாடாவால் வீதியோரத்தில் 50 மீற்றர் அளந்து இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் அடையாளம் வையுங்கள். வீதிக்குள் இறங்காமல், ஓரத்தில் நின்று செய்யுங்கள். வாகனத்தின் முன் சில்லு முதல் அடையாளத்தைத் தொட்டதும் தொலைபேசியின் நேரங்காட்டியை அழுத்துங்கள், இரண்டாவதைத் தொட்டதும் நிறுத்துங்கள். 180ஐ அந்தச் செக்கன்களால் பிரித்தால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வரும். 3.6 செக்கன் என்றால் 50. மூன்று செக்கன் என்றால் 60. 2.6 செக்கனுக்கு வந்தால் கிட்டத்தட்ட 70.

கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 40. 70இல் வரும் வாகனம் ஒரு செக்கனில் 19 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். சாரதி பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்குமுன்னே அவ்வளவு தூரம் போய்விடுகிறது. ஒரு முப்பது வாகனங்களையாவது அளந்து, அதில் எத்தனை 50ஐத் தாண்டின என்று எழுதுங்கள். இதை வைத்து எந்தச் சாரதி மீதும் வழக்குப் போட முடியாது, அதற்குப் பொலிஸின் கருவி வேண்டும். பொறியியலாளரை அந்த இடத்துக்கு வரவழைக்க இது போதும்.

படங்கள் நான்கு போதும். பாடசாலை வாசலில் நின்று வலப்பக்கம், இடப்பக்கம், பிள்ளைகள் கடக்கும் நேரம், இரவில் அதே இடம். பார்வையை மறைக்கிற மரக்கிளை, விளம்பரப் பலகை, நிறுத்தி வைத்த டிப்பர் இருந்தால் அது தெரியவேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியாமல் எடுங்கள்.

4. நடந்த விபத்துகள் பதிவில் இருக்கின்றனவா?

எல்லாரையும் கவிழ்க்கிற இடம் இது. ஆகையால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் சிறு விபத்து நடந்தால் பொலிசுக்குப் போவதில்லை. மோட்டார் சைக்கிள் தட்டிப் பிள்ளைக்குக் கை முறிந்தாலும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, மருந்துச் செலவைப் பேசி, சமாதானமாக முடித்துவிடுகிறோம். அடித்தவரும் அயலவர், அடிபட்டவரும் அயலவர். அந்த மனநிலை எனக்கு விளங்குகிறது. ஆனால் கடவை கேட்டுப் போகும்போது, “அந்த இடத்தில் விபத்துப் பதிவு இல்லையே” என்ற ஒரே வரியில் உங்கள் கோரிக்கை நின்றுவிடும். ஊர் முழுக்க அழுத விபத்துகள் கந்தோரின் கணக்கில் பூச்சியம். எங்களுக்கும் ஒரு கந்தோரில் அந்தப் பதில்தான் வந்தது.

இனி நடப்பவற்றுக்கு, சமாதானமாகப் போனாலும் பொலிஸ் நிலையத்தில் ஒரு பதிவைப் போட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள். வழக்கு வேண்டாம் என்று தீர்மானிப்பது வேறு, நடந்தது பதிவாவது வேறு. ஆள் காயப்பட்டிருந்தால் முதலில் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அது இலவசம். பொலிசுக்கு 119.

ஏற்கெனவே நடந்தவற்றுக்கு ஒரு பட்டியல் தயாரியுங்கள். மாதமும் ஆண்டும், நேரம், என்ன வாகனம், கடந்தவரா சைக்கிளில் போனவரா, என்ன காயம். ஆட்களின் பெயர் வேண்டாம். பட்டியலின் கீழ் அதிபரும் கிராம உத்தியோகத்தரும் கையொப்பமிட்டு முத்திரை வைத்தால் அது வெறும் பேச்சாக இராது. பொலிஸ் பதிவில் உள்ளவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்: இந்தக் கிலோமீற்றரிலிருந்து இந்தக் கிலோமீற்றர் வரை, கடந்த மூன்று ஆண்டுகளில், எத்தனை விபத்து, அதில் எத்தனை உயிரிழப்பு என்று.

5. எதைக் கேட்பது என்று தெளிவாகத் தீர்மானியுங்கள்

எல்லாவற்றுக்கும் வேகத்தடை கேட்பதுதான் நம் பழக்கம். நெடுந்தூர பஸ்சும் பாரவூர்தியும் நோயாளர் வண்டியும் ஓடுகிற ஏ தர வீதியில் மேடு போடப் பொறியியலாளர்கள் உடன்படுவது அரிது. அதைக் கேட்டு மறுப்பு வாங்கினால் அதோடு கோப்பை மூடிவிடுவார்கள். அங்கே கேட்க வேண்டியவை பாதசாரிக் கடவை, இரு பக்கமும் “முன்னால் பாடசாலை” எச்சரிக்கைப் பலகை, வாகனம் அதிர்ந்து சாரதி விழிக்கிற மாதிரியான தடித்த குறுக்குக் கோடுகள், கடவைக்கு மேலே விளக்கு. உள் வீதியென்றால் வேகத்தடை கேட்கலாம்.

கடவை எந்த இடத்தில் என்பதையும் யோசியுங்கள். வாசலுக்கு நேரேதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். வாசல் வளைவில் இருந்தால் கடவை அங்கே கூடாது. 30 மீற்றர் தள்ளி நேர் வீதியில் போட்டுவிட்டு, பிள்ளைகள் அங்கே நடந்துபோக ஓரப்பாதை கேளுங்கள். பஸ் தரிப்பிடம் கடவைக்கு முன்னால் இருந்தால் நிற்கிற பஸ் பிள்ளையை மறைத்துவிடும். பின்னால் வருகிறவர் முந்திக்கொண்டு போவார். தரிப்பிடத்தைக் கடவைக்கு அப்பால் மாற்றும்படி அதே கடிதத்தில் கேளுங்கள்.

ஊராரே சீமெந்தைக் குழைத்து மேடு கட்டுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். அனுமதியின்றி வீதியில் எதைக் கட்டினாலும் குற்றம். இரவில் அதில் ஏறி மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் விழுந்தால் பொறுப்பு உங்கள் சங்கத்தின் தலையில்தான்.

6. கடிதம்

ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. வீதியும் விளக்கும் வடிகாலும் மதிலும் ஒரே கடிதத்தில் வேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத் தலைப்பில், பதிவு இலக்கத்தோடு, றப்பர் முத்திரையோடு எழுதுங்கள். இப்படித் தொடங்கலாம்:

“ஏ35 பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், ........ கிலோமீற்றர்க் கல்லிலிருந்து ........ மீற்றர் தூரத்தில் எமது பாடசாலை அமைந்துள்ளது. ........ மாணவர்கள் கல்வி கற்கின்றனர். ........ திகதி காலை ஒரு மணித்தியாலத்தில் ........ பேர் வீதியைக் கடந்தனர், ........ வாகனங்கள் சென்றன. வேகம் கணிக்கப்பட்ட ........ வாகனங்களில் ........ வாகனங்கள் மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டின. இவ்விடத்தில் பாதசாரிக் கடவையும் இரு எச்சரிக்கைப் பலகைகளும் அமைத்துத் தருமாறும், அதற்கு முன் காலை 7 மணிக்குக் களப்பார்வைக்கு வருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.”

இணைக்க வேண்டியவை: கோரிக்கையைத் தீர்மானமாக எடுத்த கூட்டக் குறிப்பின் பிரதி, எண்ணிக்கைத் தாள்கள், விபத்துப் பட்டியல், படங்கள், கையால் வரைந்த இடப்படம், அதிபரின் கடிதம். பெற்றோரின் கையொப்பங்களைச் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயரும் கிராமமும் இருக்கட்டும்.

மூலக் கடிதம் வீதிக்குச் சொந்தக்காரரான கந்தோருக்கு. பிரதிகள் பிரதேச செயலாளர், போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரி, வலயக் கல்விப் பணிப்பாளர், பிரதேச சபைத் தவிசாளர் ஆகியோருக்கு. யார் யாருக்குப் பிரதி போகிறது என்று கடிதத்தின் அடியில் எழுதுங்கள். அது எழுதியிருந்தால் கடிதத்தை இலேசில் ஒதுக்கி வைக்க மாட்டார்கள்.

தமிழில் எழுதுங்கள். அரசின் எந்த அலுவலகத்துக்கும் தமிழில் எழுத அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. பத்தரமுல்லையில் இருக்கும் ஆர்.டி.ஏ. தலைமையகத்துக்கும் பிரதி அனுப்புவதென்றால் அதோடு மட்டும் ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்தால் நாட்கள் மிச்சமாகும்.

கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வைத்து வாங்குங்கள். “வைத்துவிட்டுப் போங்கோ, நாங்கள் பார்க்கிறம்” என்றால் பணிவாக நின்று கேளுங்கள்: “ஐயா, எங்கட பிரதியில ஒரு சீல் மட்டும் அடிச்சுத் தாங்கோ.” முத்திரை கிடைக்காவிட்டால் அதே நாளில் பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டைக் கோப்பில் ஒட்டுங்கள்.

செலவென்று பார்த்தால் போட்டோக் கொப்பி, படம் அச்சிட, பதிவுத் தபால், பஸ் காசு. இவ்வளவுதான். கடவை கேட்பதற்கு எந்தக் கந்தோரிலும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. “அலுவலை முடித்துத் தருகிறேன்” என்று இடையில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

7. காலமும் பதிலும்

அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பிரதேச சபையின் அடுத்த ஆண்டுப் பாதீடு வழக்கமாக டிசெம்பருக்குள் சபையில் நிறைவேறும். அதற்கான பட்டியல் அதற்கு முன்னரே தயாராகிவிடும். ஆகையால் கடிதம் ஓகஸ்ட், செப்டெம்பரில் உள்ளே இருக்க வேண்டும். மார்ச்சில் கொடுத்தால் “இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு முடிந்தது” என்பார்கள், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். மாரி மழை ஒக்டோபரில் பிடித்தால் கோடு கீறும் வேலை நடக்காது. அனுமதி கையில் கிடைத்தாலும் தை பிறக்கும்வரை பொறுக்க வேண்டி வரும்.

இதே நேரத்தில் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் விடயத்தை எடுக்கச் செய்யுங்கள். உங்கள் வட்டாரப் பிரதேச சபை உறுப்பினரிடமோ பிரதேச செயலாளரிடமோ கடிதப் பிரதியைக் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கேளுங்கள். ஆர்.டி.ஏ., ஆர்.டி.டி., பொலிஸ், சபை எல்லாரும் ஒரே மேசையில் இருக்கிற இடம் அது. “இது எங்கள் வீதியல்ல” என்று ஒருவரையொருவர் கைகாட்ட அங்கே முடியாது. தீர்மானம் வந்தால் கூட்டக் குறிப்பில் அதன் இலக்கத்தைக் கேட்டு வையுங்கள்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் நினைவூட்டல் கடிதம், முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். சண்டைக்குப் போவதாக நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். அப்படியில்லை, அது கந்தோரின் அன்றாட வேலைகளில் ஒன்று. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. சங்கத்தின் பெயரில் போடாமல் ஒரு குடிமகனாக, குடிமகளாக உங்கள் பெயரில் போடுங்கள். “ஏன் இன்னும் செய்யவில்லை?” என்று கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள்:

“........ திகதியிட்ட எமது கடிதம் தொடர்பாக எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் கோப்புக் குறிப்புகளின் பிரதி. இந்த வீதி யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதைக் காட்டும் ஆவணத்தின் பிரதி. அடுத்த ஆண்டுக்கான வீதிப் பாதுகாப்பு வேலைகளின் பட்டியல்.”

தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். தருவதென்றால் அதன்பின் 14 நாட்களுக்குள் தர வேண்டும், தேவைப்பட்டால் மேலும் 21 நாட்கள் வரை நீடிக்கலாம். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. எங்கள் கோப்புத் தேடி எடுக்கப்பட்டதே தகவல் விண்ணப்பம் போன பிறகுதான்.

8. காத்திருக்கும் நாட்களில்

கடவை வரும்வரை பிள்ளைகள் கடந்துகொண்டுதான் இருப்பார்கள். போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்குத் தனிக் கடிதம் கொடுத்து, காலையும் பகலும் ஒரு உத்தியோகத்தரை வாசலில் நிறுத்தும்படி கேளுங்கள். இது சில நாட்களிலேயே நடக்கக்கூடிய காரியம். பெற்றோர் உதவிக்கு நிற்பதென்றால் பொலிசாரிடம் பயிற்சி பெற்று, ஒளிரும் மேலங்கி அணிந்து நில்லுங்கள்.

டிப்பர் தொல்லையென்றால் வாகன இலக்கம், திகதி, நேரம் குறித்துப் பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். பாடசாலை தொடங்கும், முடியும் நேரங்களில் மணல் வாகனங்களை மறிக்கும்படி ஒருங்கிணைப்புக் குழுவில் கேட்கலாம். கட்டாக்காலி மாடுகளுக்குப் பிரதேச சபை. பெரும்போக அருவி வெட்டுக் காலத்தில் வீதியின் பாதியில் நெல் காயப்போடுவதால் வாகனங்கள் மறுபாதிக்கு வருகின்றன, சைக்கிளில் போகிற பிள்ளைக்கு ஒதுங்க இடமில்லை. இதற்கு மனு வேண்டாம். பாடசாலை முன்னால் 100 மீற்றரை மட்டும் விட்டுவிடும்படி கமக்காரர் அமைப்புத் தலைவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். நம் ஆட்கள்தானே, விளங்கிக்கொள்வார்கள்.

ரயில் கடவை வேறு கணக்கு. அது புகையிரதத் திணைக்களத்துக்கு உரியது. மணியும் விளக்கும் கதவும் கேட்பதென்றால் அவர்களுக்கே எழுதி, பிரதேச செயலாளருக்குப் பிரதி அனுப்புங்கள்.

9. களப்பார்வை நாள்

அதிகாரிகள் பத்து மணிக்கு வந்தால் வீதி வெறிச்சோடிக் கிடக்கும், பிரச்சினையே இல்லாத மாதிரித் தெரியும். 7 மணிக்கு வரச் சொல்லிக் கடிதத்திலேயே கேட்பது அதற்காகத்தான். முடியாது என்றால் 1.30க்கு வரச் சொல்லுங்கள். அதிபர், போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தர், சங்கத்தில் இருவர் இருந்தால் போதும். கூட்டம் சேர்த்தால் பேச்சு குழம்பிவிடும்.

அதற்கு முன் கடவை வரப்போகும் இடத்தின் இரு பக்கக் கடைக்காரர்களோடும் பேசி முடியுங்கள். கடைக்கு முன்னால் வாகனம் நிறுத்த முடியாமல் போகும் என்பது அவர்களுக்கு நியாயமான கவலை. அவர்கள் அன்றைக்கு எதிர்த்தால், “ஊருக்குள்ளே உடன்பாடு வரட்டும்” என்று அதிகாரிகள் திரும்பிப் போய்விடுவார்கள்.

10. வேலை முடிந்ததும்

கோடு கீறிய அன்றே இரவில் போய்ப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, இரு பக்கமும் பலகை இருக்கிறதா, மரக்கிளை பலகையை மறைக்கிறதா, கடவை முடிகிற இடத்தில் திறந்த வடிகால் இருக்கிறதா. குறை இருந்தால் ஒப்பந்தகாரர் அந்தப் பக்கத்தில் இருக்கும்போதே எழுத்தில் கொடுங்கள். அவர் போன பிறகு மறுபடி மதிப்பீடு, மறுபடி ஒதுக்கீடு.

முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். கடவையில் கால் வைத்தால் வாகனம் தானாக நின்றுவிடும் என்று சின்னப் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். வாகனம் முற்றாக நின்ற பிறகே இறங்க வேண்டும், அடுத்த பக்கத்தையும் பார்த்துக்கொண்டே கடக்க வேண்டும் என்று காலைப் பிரார்த்தனையில் அதிபர் சொல்லட்டும்.

கோடு தேயும். பாரவூர்தி ஓடும் வீதியில் சீக்கிரமே தேயும். ஒவ்வொரு ஆண்டும் ஓகஸ்டில் ஒரு படம் எடுத்து, மீள வர்ணம் பூசும்படி ஒரு கடிதம் அனுப்புங்கள். சங்க நிர்வாகம் மாறும்போது கடிதப் பிரதிகள், முத்திரை வைத்த கடிதம், எண்ணிக்கைத் தாள், கூட்டக் குறிப்பு இலக்கம், பொறியியலாளர் கந்தோரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் அடங்கிய கோப்பைப் புதிய செயலாளரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். ஒரு பிரதி அதிபரின் அலுமாரியில் இருக்கட்டும்.